அளவு சுடிதார் கொடுத்து வாங்கிய சைக்கிள்

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் தையல்காரர் முஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. அளவு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மற்ற எல்லா விஷயத்திலும் அப்படித்தான் என்று அவர் தானாகவே முடிவு செய்துகொண்டிருந்தார். அதுதான் அவர் மனைவி நஜ்மாவுக்குக் கொஞ்சம் தொந்தரவு.

நஜ்மாவுக்கு அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. மகள் சஹர் காலேஜ் பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு அவளுடைய பழைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. ஒருநாள் நஜ்மா அதைத் துடைத்து, காற்றடித்து, ஆளில்லாத காலை நேரத்தில் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். நாற்பதைத் தொடப்போகிற வயதில் கற்றுக்கொண்ட வித்தை என்பதால் அது அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷத்தைக் கொடுத்தது. கிணற்றுக்குள் இருந்தவளை யாரோ மேலே தூக்கிவிட்ட மாதிரி இருந்தது என்று சஹரிடம் சொன்னாள். சஹர், "ஓவரா பண்ணாதம்மா" என்றாள்.

ஓட்ட ஓட்ட தூரம் கூடியது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் திவ்யா பழக்கமானாள். திருநெல்வேலிப் பெண், ஐடி வேலை, ஏரியைப் பார்த்தபடி ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரோடு பைக் என்கிற வேக சைக்கிளில் கிளம்புவாள். முழுக்கை குர்தாவும் டிராக் பேண்ட்டும், ஹெல்மெட்டுக்குள் இறுக்கிக் கட்டிய துப்பட்டாவுமாக நஜ்மாவும் சேர்ந்துகொண்டாள். ஆனால் மற்றவர்கள் வண்டி பறக்கும். நஜ்மாவின் கூடை வைத்த சைக்கிள் முனகும். அவர்கள் டீக்கடையில் டீ குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, அவளுக்காகக் காத்திருப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எல்லாரும் பூண்டி ஏரி வரைக்கும் போய்வரத் திட்டம் போட்டார்கள். இந்தச் சைக்கிளில் அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு ரோடு பைக் வேண்டும். பூந்தமல்லியில் பைக் என்றால் பெட்ரோல் போடுகிற வண்டி, அதனால் வீட்டில் சைக்கிள் என்றே சொன்னாள், பாதிச் சண்டையாவது குறையுமே என்று. திவ்யா வாங்கியது ஒரு ஆன்லைன் கம்பெனியில். கடை கிடையாது, நடுவில் ஏஜென்ட் கிடையாது. நம் அளவைக் கேட்டுக்கொண்டு அவர்களே நேராக வீட்டுக்குப் பெட்டியில் அனுப்புவார்கள்.

முஜீப் இதைக் கேட்டுச் சிரித்தார். "பாக்காம தொடாம இன்னாத்த வாங்குறது? ஆன்லைன்ல சுடிதார் வாங்குனவங்கல்லாம் கடைசியில எங்க வந்து நிக்கிறாங்க? என் கடையில. துணின்னா பிரிச்சுத் தெச்சுடலாம். சைக்கிள எப்டிப் பிரிச்சுத் தைக்கிறது?"

பேச்சு அதோடு முடிந்தது. உண்மையான காரணம் வேறு என்பது நஜ்மாவுக்குத் தெரியும். வளைந்த ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்தபடி அவள் பஜாரைத் தாண்டிப் போவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கவலை அது. அவள் வாதாடவில்லை. ஞாயிறு தோறும் கூடைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள், வியர்த்து வழிய வந்தாள்.

ஒரு ஞாயிறு காலையில் முஜீப் திருவேற்காட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த துணியைக் கொடுக்கப் போனார். டீக்கடை வாசலில் ஹெல்மெட்டோடு பெண்கள் கூட்டமாக நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, தூரத்தில், எம்பி எம்பி மிதித்துக்கொண்டு வந்தது தன் மனைவி என்று அவருக்குப் புரிந்தது. அவர் அவள் கண்ணில் படாமல் திரும்பிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சட்டென்று சொன்னார். "எல்லாரும் நின்னுகினு கீறாங்க, நீ எங்கியோ பின்னால வர்ற. பாக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சு. அந்த கம்பெனி பேர் இன்னா?"

நஜ்மாவுக்குக் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. அவர் மனசு மாறுவதற்குள் காரியம் முடியட்டும் என்று சஹரைப் போனை எடுக்கச் சொன்னாள். நிறம் பச்சை என்று தேர்ந்தெடுத்தாள். காசு அவளுடைய சம்பளத்தில் சேர்த்தது, அதில் பேச்சில்லை. பிறகு அளவு கேட்டது.

"உயரம் போட்டாச்சு. அடுத்து உள்கால் அளவு கேக்குறாங்க அத்தா" என்றாள் சஹர். "அம்மாவ வெறுங்காலோட சுவர் ஓரமா நிக்க வெச்சு, காலுக்கு நடுவுல ஒரு புக்கை இடுக்கச் சொல்லி, அதுலருந்து தரை வரைக்கும் அளக்கணுமாம். வீடியோ இருக்கு."

"வீடியோ பாத்து நான் அளவெடுக்கணுமா? உங்கம்மாவோட அளவு சுடிதார் கடையில மாட்டி கீது. போய்ப் பாத்துட்டு வர்றேன்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் பெண்கள் யாரும் தையல்காரர் முன்னால் நின்று அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் புதுசு வெட்டுவது. முஜீப் மனைவிக்கும் அப்படியே தைத்துப் பழகிவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு எத்தனையோ தைத்திருக்கிறார், ஒருமுறைகூட அவள்மேல் டேப்பை வைத்ததில்லை. கடையில் ஆணியில் தொங்கும் அந்த மெரூன் சுடிதார்தான் அவருக்கு நஜ்மா. கடைக்குப் போய் அதன் பேண்ட்டை மேஜையில் விரித்து அளந்தார். வந்து, "இருபத்துநாலு இன்ச்சு" என்றார். சஹர் அப்படியே போட்டாள். நஜ்மாவும் சும்மா இருந்தாள். தன்னைவிடத் தன் அளவு அவருக்குத்தான் தெரியும் என்று அவளும் நம்பினாள்.

அடுத்த நாள் கம்பெனியிலிருந்து முஜீப்புக்குப் போன் வந்தது. மத்தியான ஷிஃப்டுக்குப் போகும் வழியில் நஜ்மா சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்திருந்த நேரம். முஜீப் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கிருபாகரன் பேசறேன், சைக்கிள் கம்பெனியிலருந்து. மேடம் உயரம் அஞ்சடி ஆறு இன்ச்னு இருக்கு. உள்கால் இருபத்துநாலுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒத்துப்போகல சார். இன்னொரு தடவை அளந்து பாத்துச் சொல்றீங்களா?"

"தம்பி, நான் டைலர்" என்றார் முஜீப்.

"சரி சார்."

"உன் வயசு அளவுக்கு என் கழுத்துல டேப்பு தொங்கினு கீது. எனக்கே அளவு சொல்லித் தர்றியா நைனா?"

"இல்ல சார். நீங்க சொல்ற அளவுக்கு எங்ககிட்ட இருக்கிறதுலயே சின்ன ஃபிரேம்தான் வரும். அதான் கேட்டேன்."

"சின்னதுன்னா சின்னத அனுப்பு. அளவு தப்பாவாது."

பக்கத்துக் கடை டில்லிபாபு டீ டம்ளர்களோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "பாய்கிட்டயேவா" என்று சிரித்தான். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்க, கம்பெனிக்காரனையே வாயடைக்க வைத்த கதை பரவிவிட்டது.

நஜ்மாவுக்கு மட்டும் உள்ளே என்னவோ உறுத்தியது. லேபில் இரண்டு ரிசல்ட் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். அது அவள் தினமும் செய்கிற வேலை. போனில் பேசிய பையன் சொன்னதும் அதேதான். ஆனால் இப்போதுதான் இறங்கி வந்திருக்கிற மனுஷனிடம் போய், இன்னொரு தடவை அளந்து பாருங்கள் என்று யார் சொல்வது? வாயை மூடிக்கொண்டு கேரியரைப் பிரித்தாள்.

பெட்டி வந்தது. முக்கால்வாசி பூட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். ஹேண்டில், முன்சக்கரம், சீட், பெடல் இவற்றைப் பூட்ட வேண்டியது நம் வேலை. முஜீப் கடைவாசலில் பாய் விரித்து, கூடவே வந்த திருகு சாவிகளை வரிசையாக வைத்து, ஊசியில் நூல் கோக்கிற பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பூட்டினார். பச்சை நிறம் வெயிலில் மின்னியது. நஜ்மா ஏறி உட்கார்ந்து தெருமுனை வரைக்கும் போய்வந்தாள். காற்று காதில் விசிலடித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டு அழுதாள். முஜீப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

சந்தோஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முழுசாகத் தங்கவில்லை. ஏரிக்கரை தாண்டும்போதே உள்ளங்கை மரத்துப்போனது. முழங்கால் மேலே வரும்போது முழங்கையில் இடிக்கப் பார்த்தது. திருப்பத்தில் மெதுவாக வளைத்தபோது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசி, விழப் பார்த்தாள். திவ்யா இறங்கி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சீட் கம்பியை உயர்த்தினாள். இதற்கு மேல் உயர்த்தக் கூடாது என்று போட்டிருந்த கோடு வெளியே வந்தும் நஜ்மாவின் கால் மடங்கியேதான் இருந்தது.

"யக்கா, இது உங்க சைஸே இல்ல. ரெண்டு சைஸ் சின்னது" என்றாள் திவ்யா. "ரெண்டு வாரத்துக்குள்ள சொன்னா அவங்களே வந்து எடுத்துட்டு மாத்திக் கொடுப்பாங்க. இன்னைக்கே சொல்லிருங்க. இதுல பூண்டிக்கு வந்தீங்கன்னா முட்டு போயிரும்."

நஜ்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தாள். சொல்லவில்லை.

அவருடைய கௌரவம் என்ற ஒன்று இருக்கிறதுதான். பஜாரே சிரிக்கும். ஆனால் அவள் பயந்தது அதற்கு இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் முஜீப் அவளுக்காக ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். இரண்டு நாள் ஓட்டிவிட்டு, "கொஞ்சம் கனமா இருக்கு" என்றாள். மறுவாரம் அவள் வேலையிலிருந்து வந்தபோது ஸ்கூட்டர் வாசலில் இல்லை. அவருடைய சித்தப்பா பையன் எடுத்துப் போயிருந்தான். "கஷ்டப்பட்டுக்கினு எதுக்கு ஓட்டணும்" என்று அன்பாகத்தான் சொன்னார். அதிலிருந்து அவள் பஸ்ஸில்தான் போகிறாள். மனுஷன் கெட்டவர் இல்லை. ஒரு பொருளில் குறை சொன்னால், குறையைத் தீர்ப்பதைவிடப் பொருளையே தீர்த்துவிடுவது அவர் சுபாவம். இந்தச் சைக்கிளும் ஒருமுறை பெட்டிக்குள் போனால் திரும்பி வராது என்று அவளுக்குத் தோன்றியது.

அதனால் வலியோடு ஓட்டினாள். காலையில் எழுந்தால் கழுத்து திரும்பாது. லேபில் மாடிப்படி ஏறும்போது முழங்கால் சுருக்கென்றது. ரத்தம் எடுக்கக் கையில் ஊசியைப் பிடித்தபோது விரல் மரத்திருப்பதை உணர்ந்து, இன்னொருத்தியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள். அன்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இத்தனை ஆசைப்பட்டு வாங்கிய வண்டிக்கு ஒளித்து வைத்துத் தைலம் தேய்க்கிற பிழைப்பு என்ன பிழைப்பு? கம்பெனி கொடுத்த கெடுவும் முடியப்போகிறது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். முஜீப் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். டில்லிபாபு டீ கொடுக்க வந்திருந்தான். "இன்னாக்கா, வண்டி சோக்கா கீது" என்றான்.

"இது எனக்குச் சின்னது" என்றாள் நஜ்மா, அவனைப் பார்க்காமல் முஜீப்பைப் பார்த்து. "அளவு தப்பு. கை மரத்துப்போவுது, முட்டி வலிக்குது."

மெஷின் நின்றது. டில்லிபாபு டம்ளரை வைத்த இடம் தெரியாமல் வைத்துவிட்டு நழுவினான். முஜீப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

"முட்டி வலிக்குதா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். "சரி வுடு. உடம்ப கெடுத்துக்கினு இன்னாத்துக்கு இதெல்லாம். இன்னைக்கே திருப்பி அனுப்சுடலாம்."

அவள் பயந்த வார்த்தை அப்படியே வந்து விழுந்தது. அவள் ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி வேணாம்னு நான் சொல்லல. வண்டி சரியில்லன்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற."

"புரியல."

"ஸ்கூட்டரும் நான் வேணாம்னு சொல்லல."

முஜீப் விழித்தார். "கனமா கீதுன்னு நீதான சொன்ன?"

"கனமா இருக்குன்னுதான் சொன்னேன். ஓட்டி ஓட்டிப் பழகியிருப்பேன். நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க." அவள் நிறுத்தவில்லை. "இது போகட்டும். ஆனா இதுக்குப் பதிலா என் அளவுக்கு ஒண்ணு வரணும். வரும்னு சொல்லுங்க, அப்பத்தான் இத விடுவேன். எனக்கு சைக்கிள் ஓட்டணும். ரொம்ப ஆசையா இருக்கு. அத மட்டும் புரிஞ்சிக்கங்க."

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கோயம்பேடு, கோயம்பேடு என்று கூவிக்கொண்டு போனார். முஜீப் மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்தார். பிறகு எழுந்து வந்து, "ஏறி உக்காரு. செவுத்த புடிச்சிக்கோ" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அவர் நாலடி பின்னால் போய் நின்று, ட்ரையல் ரூமிலிருந்து வெளியே வருகிறவர்களைப் பார்க்கிற அந்தப் பார்வையை அவள்மேல் வைத்தார். பெடலைச் சுற்றச் சொன்னார். முழங்கால் மேலே வந்து முழங்கையை முட்டப் போவதைப் பார்த்தார். முதுகு வில்லாக வளைந்து கிடப்பதைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொருந்தாத ஒன்று எதிரில் இருந்தால் அது தெரியாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

திரும்பி ஆணியிலிருந்த மெரூன் சுடிதாரை எடுத்தார். பேண்ட்டை விரித்து, தொடை சேரும் இடத்தில் விரலை வைத்தார். சுடிதார் பேண்ட் அந்த இடத்தில் உடம்பை விட்டு நாலு விரற்கடை கீழே தொங்கும். அப்படித்தான் அவரே வெட்டியிருந்தார். கீழேயும் கணுக்காலோடு நிற்கும், தரை வரைக்கும் வராது. துணியைத்தான் அளந்திருந்தார். அதற்குள் இருக்கிற ஆளை அளக்கவில்லை.

"ஷட்டர இறக்குறேன்" என்றார். "செருப்ப அவுத்துட்டு செவுத்தோரம் நில்லு."

ஷட்டர் பாதி இறங்கியதும் கடை மங்கலானது. இடுக்கிக்கொள்ள ஜாக்கெட் மாடல் புத்தகத்தைக் கொடுத்தார். நஜ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஆடாம நில்லு" என்று அதட்டிவிட்டு, தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து டேப்பை எடுத்தார். ஊருக்கே துணி வெட்டிய கை, மனைவியின் காலுக்குப் பக்கத்தில் வந்ததும் கூச்சப்பட்டது. அவளுக்கும் கழுத்துவரை சூடேறியது. பெண் காலேஜ் போகிறாள், இங்கே பார் இந்தக் கூத்தை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த நிமிஷம் அவளுக்குப் பிடித்திருந்தது.

டேப்பைப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். "முப்பது" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு இன்ச்சு வுட்டுகீறேன், நஜ்மா."

"பரவால்ல."

"பரவால்லன்னு சொல்லாத. சொல்லாம இருந்துதான் கைய மரக்க வெச்சுக்கினு வந்து நிக்கிற."

உட்கார்ந்தபடியே கம்பெனிக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்தான். அதே கிருபாகரன் எடுத்தான். வெளியே டில்லிபாபுவின் கால்கள் ஷட்டருக்குக் கீழே தெரிந்தன. முஜீப் குரலைத் தணிக்கவில்லை.

"தம்பி, பூந்தமல்லி டைலர் பேசறேன். அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. தப்பு என் மேல. துணிய அளந்துட்டேன். இப்ப ஆள நிக்க வெச்சு அளந்துகீறேன், முப்பது இன்ச்சு."

"பரவால்ல சார், மாத்திடலாம்" என்றான் அவன். "ஆனா அந்த சைஸ்ல பச்சை முடிஞ்சிடுச்சு. கருப்பு மட்டும்தான் இருக்கு. ஓகேவா சார்?"

முஜீப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். போனை நஜ்மாவிடம் நீட்டினார். "உன் வண்டி. நீ சொல்லு."

நஜ்மா போனை வாங்கி, கருப்பே அனுப்பச் சொன்னாள்.

கம்பெனி ஆட்கள் பச்சைச் சைக்கிளைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போன நாளில் அவளுக்குப் பக்கென்றுதான் இருந்தது. அவர் போனில் பேசியதைக் கேட்டிருந்தும், மாடிப்படிக்குக் கீழே காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பயம் எட்டிப் பார்த்தது. ஆனால் முஜீப் தினமும் சஹரை நச்சரித்தார், வண்டி எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது, போனில் பார் என்று. பூண்டிப் பயணத்தை திவ்யா ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். நஜ்மா இல்லாமல் போக மாட்டோம் என்று மற்ற பெண்களும் சொல்லியிருந்தார்கள். இந்த முறை அந்தப் பெருந்தன்மை நஜ்மாவுக்குக் கசக்கவில்லை.

கருப்பு வண்டி சனிக்கிழமை காலையில் வந்தது. முஜீப் கடைவாசலிலேயே பூட்டினார். டில்லிபாபு டீக்கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டான். அளவு தப்பிய கதையும் பஜாருக்குத் தெரிந்துதான் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர் கேலி செய்தார்கள். முஜீப் அவர்களிடம் முன்சக்கரத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

நஜ்மா ஏறினாள். தெருமுனை தாண்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போனாள். முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. கை மரக்கவில்லை. வண்டி தன் உடம்பிலேயே முளைத்ததுபோல் ஓடியது. ஒரே ஒரு குறை: பெடல் கீழே போகும்போது கால் நுனி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. சின்ன விஷயம். சொல்லாமலே ஓட்டிவிடலாம். நாளைக்குப் பூண்டிக்குப் போகும்போது திவ்யாவிடம் சொல்லிச் சரி செய்துகொள்ளலாம்.

கடைவாசலில் வந்து நின்றாள். முஜீப் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி கீது?"

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "சீட்டு கொஞ்சம் உசரம்" என்றாள்.

முஜீப் வண்டியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து திருகு சாவியை எடுத்து, சீட்டுக்கு அடியில் குந்தி உட்கார்ந்தார்.

"எவ்ளோ இறக்கணும்?"

"ஒரு நூல்."

இறக்கி முறுக்கினார். "இப்ப ஏறிப் பாரு. சரியில்லன்னா சொல்லு, இன்னும் இறக்கலாம்."

அவள் ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நூல் இறக்கச் சொன்னாள். அவர் மறுபடியும் குந்தினார்.